சாலை விபத்தில் சிக்கினால்: ஓட்டுநருக்கும் காயமடைந்தவருக்கும் ஒரு சட்ட வழிகாட்டி

தமிழ்நாட்டில் சாலையில் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அங்கே இரண்டு குரல்கள் கேட்கத் தொடங்கிவிடும். ஒன்று, “இங்கேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்னும். மற்றொன்று, “கேஸ் என்று போனால் வருடக்கணக்கில் அலைய வேண்டும்” என்னும். இரண்டும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவையே என்றாலும், காயமடைந்தவர் தமக்குரிய இழப்பீட்டை இழப்பதும், தவறு செய்யாத ஓட்டுநர் வழக்கில் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த அறிவுரைகளைக் கேட்டு நடப்பதால்தான். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு வழக்கை விசாரிக்கும்போது, அது நேரில் காணாத அந்த மோதலை, முதல் இரண்டு நாட்களில் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் எழுதப்பட்ட சில தாள்களின் வழியாகத்தான் பார்க்கிறது. எனவே இந்த வழிகாட்டியில் நீதிமன்றத்தைவிட அந்தத் தாள்களைப் பற்றியே அதிகம் சொல்லப்படும்.

இங்கே கூறப்படுபவை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தையும், அதற்கு 2019இல் கொண்டுவரப்பட்ட பெரிய திருத்தத்தையும், 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவையும் அடிப்படையாகக் கொண்டவை. திருத்தத்தின் காப்பீடு, இழப்பீடு தொடர்பான பகுதிகள் 2022 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தன என்பதால், அதற்கு முந்தைய விபத்துகளைப் பற்றி உறவினர்கள் சொல்லும் அனுபவம் இன்று அப்படியே பொருந்தாது.

வண்டியை எடுப்பதற்கு முன்

ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று ஆகிய நான்கும் பொதுவாக வேண்டும்; வாடகை வண்டியானால் தகுதிச் சான்றும் பெர்மிட்டும் சேரும். இவற்றை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினாலும் செல்லும். ஆனால் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் புகைப்படம் அந்தத் தகுதியைப் பெறாது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அதாவது உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருள்சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பை அது ஏற்கும். உங்கள் வண்டியின் சேதத்துக்கு அதில் இடமில்லை. அதற்கு முழுக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வண்டியின் உரிமையாளரே ஓட்டிச் சென்று இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ, 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பு தனியாக இருக்கிறது. பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பைக்கின் பின்னிருக்கையில் அமர்ந்து வருபவருக்கு, வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள வண்டியில் இழப்பீடு கிடைக்குமா என்பது நீதிமன்றங்களில் ஓயாத தகராறு. மனைவியையோ பிள்ளையையோ அன்றாடம் பின்னால் ஏற்றிச் செல்பவர் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டி, முழுக் காப்பீடோ பின்னிருக்கைப் பயணிக்கான காப்போ எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய வண்டியை விற்பவர்கள் செய்யும் ஒரு தவறு பல குடும்பங்களை வருத்தியிருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு, வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். ஆனால் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகக் கூறிவிட்டது. பெயர் மாறாத நிலையில், காப்பீடும் காலாவதியான அந்த வண்டி யாரையாவது மோதிக் கொன்றால், இழப்பீட்டுக்கு முதலில் நோட்டீஸ் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடிந்ததை உறுதிசெய்த பிறகே வண்டியை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பது. 2019 திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாகலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

சரக்கு ஆட்டோ, சிறிய டெம்போ ஓட்டுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட எடையுள்ள போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது. “தனி உரிமம் இல்லை, ஆகவே பணம் தர மாட்டோம்” என்று காப்பீட்டு நிறுவனம் இந்த வகை வண்டிகளில் இனிச் சொல்லிவிட முடியாது.

விபத்து நடந்த இடத்தில்

ஓட்டுநருக்குச் சட்டம் இங்கே மூன்று கடமைகளை விதிக்கிறது. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். காவல்துறைக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தம் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் ஓடிவிடுவது தனிக் குற்றம். அதே வேளையில், கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அங்கேயே நின்று அடிவாங்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தின் ஆத்திரத்தால் உதவ இயலாமல் போனதைச் சட்டமே விதிவிலக்காக ஏற்கிறது. அப்படிப்பட்ட நிலையில் நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்லுங்கள். போகும் வழியிலேயே 108ஐயும் 112ஐயும் அழைத்துவிட்டால், அந்த அழைப்பின் நேரமே நீங்கள் தப்பியோடவில்லை என்பதற்கான சாட்சியாகும். தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணும் உண்டு.

வண்டிகளை ஓரமாகத் தள்ளுவதற்கு முன், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டிகளும் நின்ற நிலை, எண் பலகைகள், டயர் தேய்ந்த தடம், உடைந்த கண்ணாடிச் சில்லுகள் விழுந்த இடம், சாலையின் நடுக்கோடு, அருகிலுள்ள கிலோமீட்டர் கல் அல்லது கடையின் பெயர்ப் பலகை ஆகியவை படத்தில் வர வேண்டும். வெறும் காயத்தையும் நசுங்கிய பம்பரையும் மட்டும் எடுத்த படங்கள், யார் எந்தப் பக்கத்தில் வந்தார் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. எதிரே உள்ள கடையில் சிசிடிவி இருந்தால், அதன் பதிவு சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடக்கூடும் என்பதால், புகாரில் அந்தக் கேமராவைக் குறிப்பிட்டு அதைக் கைப்பற்றுமாறு விசாரணை அதிகாரியிடம் உடனே எழுத்தில் கேட்க வேண்டும்.

வழிப்போக்கராக நின்று உதவுபவர் அஞ்சத் தேவையில்லை. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் ஏற்ற நெறிமுறைகளும், பின்னர் சட்டத்திலேயே சேர்க்கப்பட்ட பிரிவும், நல்லெண்ணத்துடன் உதவியவரைப் பாதுகாக்கின்றன. காயமடைந்தவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அவர் தம் பெயரைக்கூடச் சொல்லாமல் போகலாம். சாட்சியாக வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனை அவரிடம் பணம் கேட்கக் கூடாது. ஆனாலும், விருப்பமிருந்தால் உங்கள் எண்ணைக் காயமடைந்தவரின் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன். நடந்ததை நேரில் கண்ட, இரு தரப்புக்கும் உறவில்லாத ஒரு சாட்சி கிடைப்பது அத்தனை அரிது.

அங்கேயே பேசி முடிப்பதைப் பற்றி: வண்டியில் கீறல் மட்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். உடம்பில் அடி என்றால் செய்யாதீர்கள். தலையில் பட்ட அடியும் வயிற்றுக்குள் ஏற்படும் கசிவும் சில மணி நேரம் கழித்தே வெளியே தெரியலாம். ஐயாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு “இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிக் கொடுத்தவர், மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு அந்தத் தாளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஓட்டுநருக்கும் இது பாதுகாப்பல்ல. பணம் கொடுத்ததே தவற்றை ஒப்புக்கொண்டதாகப் பின்னால் பேசப்படும், கொடுத்த தொகையைக் காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தராது.

மருத்துவமனையில் எழுதப்படும் முதல் தாள்

அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் விபத்துப் பதிவேட்டு நகலைத்தான் இந்த முழு வழிகாட்டியிலும் மிக முக்கியமான ஆவணமாக நான் கருதுகிறேன். பணியில் இருக்கும் மருத்துவர், காயமடைந்தவர் எத்தனை மணிக்கு, யாரால் கொண்டுவரப்பட்டார், விபத்து எங்கே எப்போது எப்படி நடந்ததாகச் சொன்னார், எந்த வண்டி மோதியது, என்னென்ன காயங்கள், நினைவுடன் இருந்தாரா, மது வாடை இருந்ததா என்பவற்றை அதில் எழுதுகிறார். காவல் நிலையப் புகார் மறுநாள்கூட எழுதப்படலாம். ஆனால் இந்தப் பதிவு விபத்து நடந்த ஓரிரு மணி நேரத்தில், வழக்கைப் பற்றி யாரும் யோசிக்கத் தொடங்கும் முன்பு எழுதப்படுவது. ஆகவே புகாருக்கும் இதற்கும் முரண் வந்தால், தீர்ப்பாயம் இதைத்தான் அதிகம் நம்பும்.

இங்கேதான் ஒரு பழக்கம் குடும்பங்களைக் கெடுக்கிறது. தனியார் மருத்துவமனையில், “விபத்து என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், சேர்ப்பதற்கு நேரமாகும்” என்று எவராவது சொல்ல, கூட வந்தவர் “பைக்கிலிருந்து தானாக வழுக்கி விழுந்துவிட்டார்” என்றோ “மாடிப்படியில் விழுந்தார்” என்றோ சொல்லிவிடுகிறார். மருத்துவர் அதை அப்படியே எழுதுகிறார். பத்து நாள் கழித்து, ஒரு கார் மோதியதாகப் புகார் கொடுத்தால், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்து வைப்பது அந்த வரியைத்தான். தானாக விழுந்தவருக்கு இழப்பீடு தர வேறு வண்டி எதுவும் இல்லையே!

எனவே, காயமடைந்தவருடன் மருத்துவமனைக்குச் செல்பவர் செய்ய வேண்டியது இதுதான்: உண்மையை மட்டும், முழுமையாகச் சொல்லுங்கள். மோதிய வண்டியின் எண் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், ‘அடையாளம் தெரியாத சிவப்பு நிறக் கார்’ என்பதுபோல் தெரிந்ததைச் சொல்லுங்கள். ஊகித்து ஓர் எண்ணைச் சொல்லாதீர்கள். தனியார் மருத்துவமனையானாலும் விபத்து என்றே பதியச் செய்து, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பச் சொல்லுங்கள். போலீஸ் வந்தால்தான் சிகிச்சை என்று மருத்துவமனை மறுக்க முடியாது. உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறை அதற்குப் பின்னரே என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

பணம் இல்லையே என்ற அச்சத்துக்கும் இப்போது ஓரளவு விடை இருக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. காயமடைந்தவர் எந்த ஊர்க்காரர் என்பது பார்க்கப்படுவதில்லை. ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த திட்டம், விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையைப் பணமின்றிப் பெற வழிசெய்கிறது. மருத்துவமனையில் நுழைந்ததும், “இந்தத் திட்டங்களில் இம்மருத்துவமனை இருக்கிறதா?” என்று கேளுங்கள், அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

வீடு திரும்பும்போது, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்கள், மருந்து ரசீதுகள், ஆம்புலன்ஸ் கட்டணச் சீட்டு என எல்லாவற்றின் மூலப் பிரதியையும் வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். கட்டு மாற்றச் சென்ற ஆட்டோச் செலவைக்கூடத் தேதியுடன் குறித்து வைக்கலாம்.

காவல் நிலையத்தில்

விபத்து நடந்த இடம் எந்த நிலையத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கே புகார் கொடுப்பது வழக்கம். பெரிய நகரங்களில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கும். எல்லை எதுவென்று தெரியாமல் வேறு நிலையத்துக்குப் போய்விட்டாலும், அவர்கள் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இன்றைய சட்டம். காயமடைந்தவர் படுக்கையில் இருந்தால், காவலர் மருத்துவமனைக்கு வந்து வாக்குமூலம் வாங்குவார். பேச இயலாத நிலையில் மனைவியோ மகனோ உடன் சென்ற நண்பரோ புகார் கொடுக்கலாம்.

புகார் கொடுத்ததும் சில இடங்களில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அது புகார் பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே. முதல் தகவல் அறிக்கை ஆகாது. இழப்பீட்டு மனுவுக்கு வேண்டியது முதல் தகவல் அறிக்கை. அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். கையெழுத்திடும் முன், உங்கள் புகாரில் உள்ள நேரம், இடம், வண்டி எண், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு என்பவை சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ரைட்டர் (புகாரை எழுதும் காவலர்) அவசரத்தில் ‘கிழக்கு’ என்பதை ‘மேற்கு’ என்று எழுதிவிட்டால், தவறான பக்கத்தில் வந்தவர் நீங்கள் என்று ஆகிவிடும்.

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களில் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களில் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அளிக்க வேண்டும். விவரங்களைப் பதிய, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய செயலி ஒன்று காவலரிடம் இருக்கிறது. எனினும் நடைமுறையில் எல்லா நிலையங்களிலும் இந்தக் கெடுக்கள் துல்லியமாகப் பின்பற்றப்படுவதில்லை. ஆகவே முதல் தகவல் அறிக்கையுடன், சம்பவ இட வரைபடம், பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் காவலர் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ், பின்னர் குற்றப்பத்திரிகை ஆகியவற்றை நீங்களே கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்திலும் பதிவிறக்கிக்கொள்ளலாம். உயிரிழப்பானால் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழும், வட்டாட்சியரிடம் பெறும் வாரிசுச் சான்றிதழும் இன்றியமையாதவை.

வழக்கில் சேர்க்கப்பட்ட ஓட்டுநர் அறிய வேண்டியவை

அஜாக்கிரதையாக ஓட்டியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும், காயம் ஏற்பட்டால் 125ஆம் பிரிவும், உயிரிழப்பு ஏற்பட்டால் 106(1)ஆம் பிரிவும் பதிவு செய்யப்படும். உயிரிழப்புக்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். என்றாலும் இவை ஜாமீனில் விடக்கூடிய குற்றங்களே. உரிய பிணையம் கொடுத்தால் காவல் நிலையத்திலேயே ஜாமீன் பெறலாம். மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை என்ற 106(2)ஆம் பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பின், மற்றப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது இது மட்டும் கொண்டுவரப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. அதனால் தப்பியோடுவது குற்றமில்லை என்று ஆகிவிடாது; மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அது தண்டனைக்குரியதே.

மது அருந்தி ஓட்டியிருந்தால் கணக்கே மாறும். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். முழுக் காப்பீடு இருந்தாலும் உங்கள் வண்டியின் சேதத்துக்கு நிறுவனம் பணம் தராது. அடிபட்ட மூன்றாம் நபருக்குத் தீர்ப்பாயம் காப்பீட்டு நிறுவனத்தையே முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிக்கலாம். உரிமம் இல்லாத ஓட்டுநரின் வழக்குகளிலும் இப்படி நடப்பதுண்டு. பல லட்சம் ரூபாய்க்கான வசூல் வழக்கு வீடு தேடி வருவதன் தொடக்கம் அதுதான்.

குற்ற வழக்கைச் சீக்கிரம் முடிக்கும் ஆசையில், நடமாடும் நீதிமன்றத்திலோ நடுவர் நீதிமன்றத்திலோ குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுவது ஓட்டுநர்களிடையே சாதாரணம். உண்மையில் தவறு எதிர்த் தரப்பில் இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஒப்புதல், இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு எதிரான வலுவான சான்றாகிவிடும். வண்டியைப் பொறுத்தவரை, ஆய்வாளர் சோதனை முடிந்ததும் விடுவிக்கக் கோரலாம். காப்பீடு இல்லாத வண்டியானால் இழப்பீட்டுக்குப் போதிய பிணையம் கட்டாமல் நீதிமன்றம் விடுவிக்காது.

இழப்பீட்டுக்கு எந்த வழி?

மோதிய வண்டி தெரிந்து, தவறு அதன் ஓட்டுநருடையது என்று காட்ட முடிந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் மனு போடுவதே சரியான வழி. அதில் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. தவற்றை நிரூபிப்பது கடினம் என்றால் 164ஆம் பிரிவு இருக்கிறது. யார் தவறு என்று பாராமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் அதில் கிடைக்கும். ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், 166இன் கீழ் போட்ட மனு அத்துடன் முடிந்துபோகும். உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் ஒருவரை இழந்த குடும்பம், உடனே கிடைக்கிறது என்பதற்காக 5 லட்சத்தை ஏற்பதற்கு முன், கீழே உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மோதிய வண்டி தெரியவே இல்லை என்றால், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கும் திட்டம் உண்டு. இதற்குத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை. வருவாய்த்துறையில் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் அனுமதிப்பார். இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில், ஒரு மாதத்துக்குள் வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால் இத்திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குக் காவல் நிலையமே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கடிதம் வரவில்லையென்றால் அந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள்.

வேறு வண்டியே சம்பந்தப்படாமல், தம் வண்டியைத் தாமே ஓட்டிப் பள்ளத்தில் விழுந்தவருக்கு, முன்சொன்ன தனிநபர் விபத்துக் காப்புதான் கதி.

மனு, கெடு, கணக்கு

விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல், நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். திருச்சிக்காரர் விழுப்புரம் அருகே அடிபட்டால், வாய்தாவுக்கெல்லாம் விழுப்புரம் போக வேண்டியதில்லை. மாவட்ட, சார்பு நீதிமன்றங்கள் தீர்ப்பாயமாகச் செயல்படுகின்றன. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்.

திருத்தப்பட்ட சட்டம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் கெடுவை விதித்திருக்கிறது. கட்டுப் பிரித்த பிறகு பார்க்கலாம், ஆடி கழியட்டும் என்று தள்ளிப்போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். சிகிச்சை முடியாவிட்டாலும் மனுவைப் போட்டுவிட்டு, பின்னால் வரும் ரசீதுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கெடு தாண்டிவிட்டவர்களும் தாமாகவே முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். இந்த வரம்பை எதிர்க்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருப்பதால், இன்றைய நிலை என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

உயிரிழப்பில் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். முப்பது வயதுள்ள தச்சர், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர். மனைவி, குழந்தை, தாய் ஆகிய மூவர் அவரை நம்பியிருந்தார்கள் என்று கொள்வோம். சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் வகுத்தது; ஆக 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 14,000, ஆண்டுக்கு 1,68,000. இதை வயதுக்குரிய பெருக்கியால் பெருக்க வேண்டும். 26 முதல் 30 வயது வரை அது 17. கிடைப்பது 28,56,000 ரூபாய். துணையை, பெற்றோரை, பிள்ளையை இழந்ததற்கான தொகையும் ஈமச் செலவும் இதற்கு மேல் வரும். பெருக்கி 25 வயது வரை 18. வயது கூடக் கூடக் குறைந்து 65க்கு மேல் 5 ஆகும். இறந்தவர் மணமாகாதவரானால் சொந்தச் செலவுக்குப் பாதி கழிக்கப்படும்.

இந்தக் கணக்கில் ஆட்டம் காணும் எண் முதல் எண்தான், அதாவது வருமானம். சம்பளச் சீட்டு இல்லாதவர் வங்கிக் கணக்கு விவரம், நலவாரிய அட்டை, வேலை கொடுத்தவரின் சாட்சியம் ஆகியவற்றால் அதை நிறுவ வேண்டும். இல்லத்தரசிக்கு வருமானமே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டால் அஞ்ச வேண்டாம். வீட்டுப் பணிக்கும் மதிப்பிட்டுத் தொகை தர வேண்டும் என்பது உறுதியாகிவிட்ட சட்டம்.

காயமடைந்தவருக்கு, மருத்துவர் தரும் ஊன விழுக்காடு மட்டும் முடிவல்ல. அந்த ஊனம் அவருடைய பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதே அளவுகோல் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வலது கையில் மூன்று விரல்களை இழந்த கணக்காளருக்கும் தையற்காரருக்கும் ஒரே தொகை ஆகாது. உங்கள் வேலை என்ன, அதில் எந்த உறுப்பு எதற்குப் பயன்படுகிறது என்பதை விசாரணையில் விளக்கமாகச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கமும் தவறு இருந்தால், தீர்ப்பாயம் அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கும்.

வழக்கறிஞரும் தரகரும்

அரசு மருத்துவமனை வாசலில், “ஒரு பைசா முன்பணம் வேண்டாம், வருவதில் பங்கு கொடுத்தால் போதும்” என்று அணுகுபவர் பெரும்பாலும் தரகர். இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. நிரப்பாத வக்காலத்திலும் (உங்களுக்காக வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாள்) வெற்றுத் தாளிலும் காசோலையிலும் கையெழுத்திடாதீர்கள். மருத்துவ மூல ஆவணங்களைக் கொடுக்கும்போது நகலெடுத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். வசதியில்லாதவர், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றியே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்பது அதற்கான உதவி எண்.

சமரசமும் தீர்ப்புக்குப் பின்னும்

காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகையை முன்வைத்தால், அல்லது வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டால், மேலே உள்ள கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் பணம் விரைவாக வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைவானால் ஏற்கலாம் என்பது என் எண்ணம். பாதிக்கும் கீழே போனால் வழக்கை நடத்துவதே மேல்.

தீர்ப்பாயம் வழங்கிய தொகை போதவில்லை என்றால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. தொகை பெரும்பாலும் மனு நாளிலிருந்து வட்டியுடன் வழங்கப்படும். அது உங்கள் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வர வேண்டும், சிறுவர்களின் பங்கு அவர்கள் மேஜராகும் வரை வைப்புத்தொகையில் இருக்கும். எதிர்த் தரப்பு கட்டாமல் இழுத்தால், தீர்ப்பை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போட வேண்டும். இழப்பீடு தராததால் அரசுப் பேருந்து ஜப்தி என்று நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி இந்த மனுவின் விளைவுதான். பயணிகளை இறக்கிவிட்டுப் பேருந்தை நீதிமன்ற வளாகத்துக்கு ஓட்டிச் செல்வது வினோதமாகத் தோன்றினாலும், அதன் பிறகுதான் பல குடும்பங்களுக்குக் காசோலை வந்திருக்கிறது. போக்குவரத்துக் கழகத்தின் மீது வழக்கு வைத்திருப்பவர், தீர்ப்பில் குறிப்பிட்ட கெடு முடிந்த மறுநாளே அந்த மனுவுக்கான தாள்களில் கையெழுத்திட்டுத் தம் வழக்கறிஞரிடம் கொடுத்துவிடலாம்.